கோச்: வண்டியா, பயிற்றுநரா?

ரயில் டிக்கெட்டில் ‘எஸ்5’ என்று வரும் கோச்சும், மைதானத்து ஓரத்தில் கைகட்டி நிற்கும் கோச்சும் ஒரே சொல்தான். ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிக்கு ‘கோச்சி’, அதாவது ‘கோச் ஊரினது’ என்று பெயர். அது ஜெர்மனில் குட்ஷே, ஆங்கிலத்தில் கோச், நம்மிடம் கோச்சு வண்டி. 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாகக் ‘கோச்’ என்றனர். 1860களில் அது விளையாட்டுக்கும் வந்தது. ஹங்கேரியில் இன்று ‘கோச்சி’ என்றால் கார்!

பிரெஞ்சுக்காரர்கள் கால்பந்தில் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கிளப் அணியை நடத்துபவர் ‘ஆந்த்ரெனர்’. வேர்ப்பொருள் இழுத்துச் செல்பவர். நாட்டணியை நடத்துபவர் ‘செலெக்சியோனர்’, தேர்ந்தெடுப்பவர்.

வேறுபாடு புரிய டிடியே தெஷாமைப் பார்த்தால் போதும். 1998இல் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியின் தலைவர்; நடுக்களத்தில் பந்தைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுப்பதே அவர் வேலை. 2001இல் ஆடுவதை நிறுத்தி அதே ஆண்டு மொனாக்கோ கிளப்பின் ஆந்த்ரெனர் ஆனார். 2004இல் அந்த அணி, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் இறுதிவரை போய் போர்ட்டோவிடம் 0-3 எனத் தோற்றது. இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்ட இத்தாலிய கிளப் யுவென்டஸை 2006-07இல் மேலே கொண்டுவந்தார். 2010இல் மார்சேயை பிரெஞ்சு லீக் சாம்பியனாக்கினார். இவை எல்லாம் நாள்தோறும் களத்தில் நின்று பழக்கும் வேலை.

2012இல் செலெக்சியோனர். இங்கே வீரர்கள் ஆண்டில் சில தடவை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் போலத்தான் கையில் கிடைப்பார்கள். புதிய உத்தியைப் பழக்க நேரமில்லை. யாரை அழைப்பது என்பதே பாதி வேலை. 2018 உலகக் கோப்பைக்கான 23 பேரில் நட்சத்திர முன்கள வீரர் பென்சிமா இல்லை, கோப்பை வந்தது. 2021இல் அவரையே திரும்ப அழைத்தார். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 0-2 எனப் பின்தங்கியபோது, இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் 41ஆம் நிமிடத்தில் முன்கள வீரர்கள் ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்தார். ஆட்டம் 3-3 வரை போய் பெனால்டியில் கைநழுவியது.

தமிழுக்கு வருவோம். ‘பயில்’ என்பதற்குப் பழகு, கற்றுக்கொள் என்று பொருள், பயிலச் செய்வது ‘பயிற்று’, செய்பவர் ‘பயிற்றுநர்’. வண்டி, இழுப்பு எதுவும் இல்லாமல் வேலையையே சொல்லும் சொல் இது. நாளிதழ்களில் புழங்கும் ‘பயிற்சியாளர்’ தவறல்ல, ஆனால் ‘நோயாளர்’ நோய் உடையவர் என்பதுபோல், பயிற்சி பெறுபவர் என்றும் படிக்க இடம்தரும். ‘பயிற்சி மருத்துவர்’ பயிற்சி பெறுபவர்தானே? இலங்கையில் ‘பயிற்றுவிப்பாளர்’ வழக்கு. பயிற்று என்பதிலேயே ‘செய்வி’ இருக்க, அதற்கு மேல் இன்னொரு ‘வி’. ஆனாலும் குழப்பமில்லாத சொல்.

எழுதும்போது ‘பயிற்றுனர்’ வேண்டாம். ஓட்டுநர், இயக்குநர் போல ‘நர்’ விகுதிதான். செலெக்சியோனரைத் ‘தேர்வாளர்’ என்றால் கிரிக்கெட் தேர்வுக்குழு நினைவுக்கு வரும். ‘நாட்டணிப் பயிற்றுநர்’ என்று எழுதி, தேர்வும் அவர் கையில்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.