சர்வோ: ஏவல் மோட்டாரும் அதன் சுருதியும்

நம் ஊரில் ‘சர்வோ’ என்றால் பெட்ரோல் பங்க்கில் அடுக்கியிருக்கும் இன்ஜின் ஆயில் டப்பாதான் முதலில் ஞாபகம் வரும். சிஎன்சி மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தை வெட்டும் மெஷினில், டேபிளை நகர்த்தும் மோட்டாரான சர்வோ வேறு. அதன் வேர் ‘செர்வுஸ்’ என்னும் லத்தீன் சொல். பொருள்: அடிமை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் பார்கோ, கப்பல் சுக்கானை நீராவியால் திருப்பும் பொறிக்கு இந்தப் பெயரை வைத்தார். சுக்கான் சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறோமோ, அவ்வளவு திரும்பி நிற்கும். 1873இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே ‘சர்வோ மோட்டார், அல்லது அடிமைப்படுத்தப்பட்ட மோட்டார்’ என்றுதான் இருக்கிறது.

தமிழுக்கு அடிமை வேண்டாம், ‘ஏவல்’ இருக்கிறது. கட்டளையும் ஏவல், கட்டளைப்படி செய்யும் வேலையும் ஏவல். செய்பவர் ஏவலாள். அதனால் ‘ஏவல் மோட்டார்’ என்பேன். சுவிட்சைப் போட்டால் ஓடும் மோட்டாரும் ஏவினபடிதானே ஓடுகிறது என்று கேட்கலாம். ஓடும், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. சர்வோவின் முதுகில் இருக்கும் என்கோடர் என்னும் உணரி, மோட்டார் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ‘டியூனிங்’: ஏவலுக்கு சர்வோ சரியாக ஈடுகொடுக்கும்படி அதன் அமைப்புகளைத் திருத்தி வைப்பது. யாழ் நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்ப வீக்கி அமைப்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் ‘பண்ணல்’ என்று பெயர். ‘டியூன் பண்ணு’ என்கிறோமே, ஒரே வேலையை இரண்டு தடவை சொல்கிறோம் என்று வேடிக்கையாகத் தோன்றும். இன்று பண்ணல் என்றால் யாருக்கும் புரியாது. ‘சுருதி சேர்த்தல்’ புரியும், இந்த வேலைக்குப் பொருத்தமும்கூட. ஏனென்றால் இது பாதி காதால் செய்யும் வேலை. பிழையைத் திருத்த மோட்டார் எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும் என்று சொல்லும் எண்தான் கெயின். வேகப் பிழைக்கான வெலாசிட்டி கெயினைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் டேபிள் உறும ஆரம்பிக்கும், கையை வைத்தால் நடுக்கம் தெரியும். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி வைப்பார்கள். கெயினுக்குப் ‘பெருக்கம்’ என்பது எலெக்ட்ரானிக்ஸ் பாடத்துக்குச் சரி. இங்கே ‘இறுக்கம்’ என்றால்தான் உறைக்கிறது.

இறுக்கம் குறைந்தால் என்ன ஆகும்? ஏவல் முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான். இந்தப் பின்தங்கலைக் கணக்கிடுவது எளிது: வேகத்தை பொசிஷன் கெயினால், அதாவது இடப் பிழைக்கான கெயினால், வகுத்தால் போதும். நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 50 மி.மீ.; கெயினும் (நொடிக்கு) 50 என்றால் டேபிள் எப்போதும் 1 மி.மீ. பின்னால் இருக்கும். நேர்கோட்டில் எக்ஸ், ஒய் அச்சுகள் இரண்டும் ஒரே அளவு கெயினில் இருந்தால் பாதை கெடாது. வட்டத்தில்தான் வம்பு. இதே வேகத்தில் 10 மி.மீ. ஆரத்தில் டூலைச் சுற்றவிட்டால் ஆரம் சுமார் 50 மைக்ரான் (0.05 மி.மீ.) சுருங்கிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் சுருக்கம் காலாகக் குறையும், ஆனால் வேலை அன்றைக்கு முடியாது. அதற்காகத்தான் ‘ஃபீட் ஃபார்வர்ட்’: பின்தங்கிய பிறகு துரத்தாமல், வரப்போகும் வேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது. தமிழில் ‘முன்னேவல்’ எனலாம்.

அப்புறம், வெட்டிய வட்டத்தின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் மெல்லிய வரி தட்டுப்படலாம். ஓர் அச்சு நின்று திசை திரும்பும்போது உராய்வில் ஒரு கணம் ஒட்டிக்கொள்வதால் வருவது அது. கெயினைக் கூட்டி அதைப் போக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் டேபிளைத் தள்ளும் பால் ஸ்க்ரூவில் (குண்டுகள் உருளும் திருகு) பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது தெரியும் தளர்வு, இருந்தாலும் இதே இடங்களில்தான் தடம் விழும். முதலில் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரை வைத்து அந்தத் தளர்வைப் பார்த்துவிட்டு, பிறகு கெயின் போன்ற பாராமீட்டரில் கை வையுங்கள்.