சி.டி.4 நல்லா இருந்தால் பிள்ளைக்குத் தொற்றாதா?

"டொக்டர், சி.டி.4 அறுநூறுக்கு மேல இருக்கு. அப்ப பிள்ளைக்கு ஒண்டும் வராதுதானே?" எச்.ஐ.வி. தொற்றோடு கர்ப்பமாகும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இதன் மறுபக்கமும் வரும். போன முறை 540, இப்போது 410, மருந்து வேலை செய்யவில்லையோ என்று கண் கலங்கியபடி கேட்பார்கள். இரண்டு பேருமே பார்க்க வேண்டிய எண்ணை விட்டுவிட்டு வேறு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சி.டி.4 என்பது சில வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். எச்.ஐ.வி. அதைப் பிடித்துத்தான் கலத்துக்குள் நுழைகிறது. ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தில் ஒளிரும் சாயம் பூசிய பிறபொருளெதிரிகளைச் சேர்ப்பார்கள். அவை சி.டி.4 உள்ள கலங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் ஓடவிட்டு இயந்திரம் எண்ணும். நீங்கள் கேட்கும் சி.டி.4 எண் இந்தக் கலங்களின் எண்ணிக்கைதான். வளர்ந்தவருக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருப்பது வழமை. 200க்குக் கீழே போனால் நியூமோனியா போன்ற, எதிர்ப்புச் சக்தி குறையும்போது வரும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கு எதிராகத் தடுப்பு மருந்து தொடங்குவோம்.

இந்த எண் நிலையாக நிற்காது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாரி காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்தாலும் கொஞ்ச நாளைக்கு இறங்கும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் கலங்கள் ஐதாகி எண்ணிக்கை குறையும். அதனால்தான் கர்ப்பிணியிடம் சி.டி.4 வீதத்தையும், அதாவது நிணநீர்க் கலங்கள் என்ற வெள்ளணுக்களில் சி.டி.4 உள்ளவை எத்தனை வீதம் என்பதையும், பார்க்கிறோம். வீதம் அசையாமல் இருந்தால் 540, 410 ஆனதற்குப் பதற வேண்டியதில்லை.

சரி, பிள்ளைக்குத் தொற்றுமா என்பதை எது சொல்லும்? வைரஸ் அளவு, அதாவது ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற எண். 1994இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அதில் சேர்ந்த கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சி.டி.4 200க்கு மேல் இருந்தது. அப்படியிருந்தும் மருந்து கிடைக்காத தாய்மாரின் பிள்ளைகளில் 25.5 வீதமானோருக்குத் தொற்றியது. சிடோவுடின் என்ற ஒரே மருந்தைத் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்ததில் அது 8.3 வீதமாக இறங்கியது. இன்று மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை நேரத்தோடு தொடங்கி, பிரசவத்தின்போது வைரஸ் அளவு 50க்குக் கீழே இருந்தால், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தொற்றும் வாய்ப்பு 1 வீதத்துக்கும் குறைவு. சி.டி.4 மிகக் குறைந்த தாய்க்கு ஆபத்து கூடுதல் என்பதும் உண்மைதான். ஆனால் எண் நல்லது என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடும் காலம் போய்விட்டது. 2015 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, எண் எவ்வளவாக இருந்தாலும் உடனே தொடங்குங்கள் என்பதுதான்.

ஆய்வாளர்கள் கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் வேறு அடையாளப் புரதங்களையும் பார்க்கிறார்கள். சி.டி.38, எச்.எல்.ஏ.-டி.ஆர். இரண்டும் கூடுதலாகத் தெரிந்தால் அந்தக் கலங்கள் தூண்டப்பட்ட நிலையில் இருக்கின்றன என்று பொருள். தூண்டப்பட்ட கலத்தில்தான் வைரஸ் நன்றாகப் பெருகும். வேறு பாலியல் தொற்றையோ நச்சுக்கொடியில் வரும் அழற்சியையோ நாங்கள் லேசாக எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். மற்றபடி இவற்றைச் சாதாரண கிளினிக்கில் பார்ப்பதில்லை. தனியாகக் காசு கட்டிச் செய்யவும் தேவையில்லை.

இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு முதல் கிளினிக்கிலேயே சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்து இரத்தம் எடுக்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் பரவுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பரிசோதனை ஒரு முக்கிய காரணம். சிகிச்சையும் இலவசம். யாழ்ப்பாணத்தில் தடையாக இருப்பது பெரும்பாலும் ஊர் வாய். பாலியல் நோய் சிகிச்சை நிலைய வாசலில் தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவாரோ என்ற பயத்தில் மருந்து எடுக்கும் திகதியைத் தவறவிடுகிறார்கள். பயத்தை வாய்விட்டுச் சொன்னால் நேரத்தை மாற்றித் தரலாம். சொல்லாமல் நின்றுவிட்டால் வைரஸ் அளவு ஏறிவிடும்.

பால் கொடுப்பது இன்னொரு சிக்கல். பால்மாவா தாய்ப்பாலா என்பதை வைத்தியரோடு பேசிப் பிரசவத்துக்கு முன்னரே முடிவு செய்யுங்கள். முதல் ஆறு மாதத்தில் இரண்டையும் கலந்து கொடுப்பது, தாய்ப்பால் மட்டும் கொடுப்பதைவிட ஆபத்து. பால்மா என்று முடிவானால், "ஏன் பிள்ளை பால் குடுக்கேல்லை?" என்று பார்க்க வரும் மாமிமார் கேட்பார்கள். மருந்து எடுக்கிறேன், டொக்டர் வேண்டாமென்றவர் என்று சொன்னால் போதும். அதுவும் பொய்யில்லை.

பிறந்த பிள்ளைக்குச் சில வாரங்கள் மருந்துப் பாணி கொடுப்போம். தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை மூலம். பிள்ளையின் சி.டி.4ஐத் தாயின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஒரு வயதுக்குள் 1500க்கு மேல் இருப்பதுதான் வழமை. சாதாரண எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையையும் தனியார் ஆய்வுகூடத்தில் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அது தேடுவது வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளை. தாயின் பிறபொருளெதிரிகள் பிள்ளையின் இரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம். அந்தக் காலத்தில் 'பொசிட்டிவ்' என்று வந்தால், அது தாயிடமிருந்து வந்ததா பிள்ளையினுடையதா என்று அந்தத் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது.