கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் அது ஆஸ்பத்திரி இல்லை

"கப்பல்லயே ஆஸ்பத்திரி இருக்குன்னு சொன்னாங்க டாக்டர், அந்தத் தைரியத்துலதான் அம்மாவைக் கூட்டிட்டு வந்தோம்."

பயணிகள் கப்பலில் மருத்துவராக இருக்கும் நான் இதை அடிக்கடி கேட்கிறேன். சமீபத்தில் மறுபடியும் கேட்டேன். இதயம் பலவீனமான ஒரு பாட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, படுக்கவே முடியாமல், நள்ளிரவில் சக்கர நாற்காலியில் வந்தார். கரையில் இறங்கிச் சுற்றும்போது அடிக்கடி கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று நீர் பிரிவதற்கான மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வேளாவேளைக்கு பஃபே சாப்பாடு வேறு. அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டோம். நல்லவேளையாகப் பிழைத்தார். அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆம்புலன்ஸில் அனுப்பினோம். மகன் கூடவே இறங்கினார். மருமகளும் குழந்தைகளும் இறங்குவதா, கப்பலிலேயே தொடர்வதா என்று புரியாமல் நின்றார்கள். பயண இன்சூரன்ஸ் எடுத்திருக்கவில்லை.

அவர்கள் அலட்சியமான பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று பல மாதம் சேமித்து வந்தவர்கள். அவர்களை ஏமாற்றியது அந்த ஒரு சொல்தான்: ஆஸ்பத்திரி. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சர்வதேசப் பயணத்தில் 3 நாளுக்கு மேல் கடலில் செல்லும், 100 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் கப்பலில் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. பெயரைக் கவனியுங்கள். அது கப்பலில் வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. பயணிகளுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்பதற்கு அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர் சங்கம் வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் அவற்றைப் பின்பற்றுகின்றன. எங்களிடம் ஈசிஜி இருக்கும், எக்ஸ்ரே இருக்கும், அடிப்படை ரத்தப் பரிசோதனை செய்யலாம். வென்டிலேட்டர், தாறுமாறான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டர், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து எல்லாம் இருக்கும். மாரடைப்பு வந்தால் முதல் சில மணி நேரத்துச் சிகிச்சையை நன்றாகவே செய்வோம்.

இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை அரங்கு இல்லை. ரத்த வங்கி இல்லை. சாதாரணமாக டயாலிசிஸ் கிடையாது. குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் பிரிவு இல்லை. பெரும்பாலான கப்பல்களில் சிடி ஸ்கேன் இல்லை. 'ஸ்கேன்தானே' என்று நினைக்காதீர்கள். ஒருவருக்குத் திடீரென்று கை கால் இழுத்துக்கொண்டால், மூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து உயிரைக் காக்கும். வெடிப்பு என்றால் அதே மருந்து உயிரை எடுத்துவிடும். மருந்து என் அலமாரியில் இருக்கும், கொடுக்க முடியாது. குடல்வால் அழற்சி என்றால் ஆன்டிபயாட்டிக்கும் வலி மருந்தும் கொடுத்துத் துறைமுகம் வரும்வரை தாக்குப்பிடிக்க வைப்போம். எங்கள் வேலையின் பெரும்பகுதி அதுதான், கரை வரும்வரை நோயாளியைப் பத்திரமாக வைத்திருப்பது.

"ஹெலிகாப்டர் வராதா?" வரும், எல்லா இடத்துக்கும் வராது. சில நூறு கிலோமீட்டர்தான் அதன் எல்லை, திரும்பிப் போகவும் எரிபொருள் வேண்டும். பெருங்கடலின் நடுவே இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காற்று பலமாக இருந்தாலும் வராது. வந்தாலும் அது பெரும்பாலும் கப்பலில் இறங்காது, மேலே நின்றபடி கயிற்றில் ஆளைத் தூக்கும். மோசமான நிலையில் இருக்கும் நோயாளிக்கு அதுவே ஒரு ஆபத்து. கப்பலைத் திருப்பலாமா என்றால், அந்த முடிவு கேப்டனுடையது. திருப்பினாலும் கரை சேரப் பல மணி நேரம் ஆகலாம். சின்னத் தீவுத் துறைமுகமாக இருந்தால் அங்கே இருக்கும் வசதி எங்களிடம் இருப்பதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

ஆகவே, பெற்றோருக்கோ உங்களுக்கோ நாள்பட்ட நோய் இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். "கப்பலில் போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் "தாராளமாகப் போங்கள்" என்றுதான் சொல்வார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர 2 நாள் ஆகும் இடத்தில் இவர் இருக்கலாமா?" என்று கேளுங்கள். சமீபத்தில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ ஆகியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். சொந்த நாட்டில் எடுத்த மருத்துவக் காப்பீடு கடலிலும் செல்லும் என்று பலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். பல திட்டங்கள் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். கப்பல் மருத்துவ மையத்தில் ஆகும் செலவு நேராக உங்கள் கேபின் கணக்கில் ஏறும், இறங்குவதற்குள் கட்டிவிட்டு அப்புறம்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பாலிசியில் மருத்துவ வெளியேற்றம், அதாவது நோயாளியைக் கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு, சேர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், பெரிய செலவு அங்கேதான். ஏற்கெனவே இருக்கும் நோயை மறைத்துப் பாலிசி எடுக்காதீர்கள், தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள். யாராவது ஒருவரைப் பாதியில் இறக்க வேண்டி வந்தால், அவரோடு எந்தப் பெரியவர் இறங்குவது, குழந்தைகள் யாரோடு இருப்பது என்பதையும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். பேசச் சங்கடமாகத்தான் இருக்கும். துறைமுக மேடையில் நின்று பேசுவது இன்னும் கொடுமை.

மருந்துகள் கைப்பையில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் ஒப்படைத்த சூட்கேஸ் கேபினுக்கு வந்துசேர மாலையோ இரவோ ஆகிவிடும். ஒவ்வொரு முறை கிளம்பும் நாளிலும் இன்சுலினைச் சூட்கேஸில் பூட்டி அனுப்பிவிட்டு ஒருவராவது என்னிடம் வருகிறார். பல கேபின்களில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பானத்தைச் சில்லென்று வைக்கத்தான், இன்சுலினுக்கு அந்தக் குளிர் போதாமல் போகலாம். மருந்துக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். சில நாளுக்குக் கூடுதலாக மாத்திரை வையுங்கள். மருந்தின் பிராண்ட் பெயரோடு உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் எழுதி வையுங்கள். வேறு நாட்டு மருத்துவருக்கு அந்த இரண்டாவது பெயர்தான் புரியும். கரையில் சுற்றிப்பார்க்க இறங்கும்போதும் ஒரு நாள் மருந்து கையில் இருக்கட்டும். நீங்களாகப் போய்ச் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் கெஞ்சிப் பார்ப்பதில் பயனில்லை. பெரும்பாலான நிறுவனங்கள், பயணம் முடிவதற்குள் 24ஆம் வாரத்தில் நுழைந்துவிடுவீர்கள் என்றால் ஏற்றுவதில்லை. ஏறும் நாளை வைத்துக் கணக்குப் போட்டு வந்து, துறைமுகத்திலிருந்தே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பொதுவாக 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம்.

அடுத்தது வாந்தி, வயிற்றுப்போக்கு. இவற்றை உண்டாக்கும் நோரோ வைரஸ் கப்பலில்தான் பிறக்கிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பள்ளி, முதியோர் இல்லம், உணவகம் எங்கும் இருக்கிறது. கப்பலில் ஒவ்வொரு நோயாளியையும் எண்ணிப் பதிவு செய்வதால் செய்தியாகிறது, அவ்வளவுதான். ஆனால் கப்பலில் பரவினால் வேகமாகப் பரவும். 100க்கும் குறைவான வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும்.

இங்கே என்னைச் சோர்வடைய வைக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: "சானிடைசர் போட்டுக்கிட்டோமே." ஆல்கஹால் சானிடைசர் நோரோ வைரஸிடம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் சேர்ந்து வைரஸைக் கையிலிருந்து கழுவித் தள்ளுகின்றன, அதனால்தான் சோப்பு. 20 வினாடியாவது தேய்க்க வேண்டும். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னும், குழந்தையின் டயப்பரை மாற்றிய பின்னும் சோப்புதான். பஃபே வாசலில் சானிடைசர் வைத்திருப்பதைப் பார்த்து அதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, மறைக்காமல் இருப்பது. ஏறும் முன் தரும் உடல்நலப் படிவத்தில் "வயிற்றுப்போக்கு இல்லை" என்று எழுதிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் பெற்றோரை எத்தனையோ பார்த்துவிட்டேன். கேபினில் அடைத்துவிடுவார்களே என்று பயம். ஆமாம், அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம்வரை தனியாக இருக்கச் சொல்வோம். விடுமுறையில் அது வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அதே கூடத்தில் கீமோதெரபி முடித்துவிட்டு வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். முதல் வாந்தியிலேயே எங்களுக்கு போன் செய்யுங்கள். சாப்பாடும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் கேபினுக்கே வரும்.

கடல் மயக்கம் பெரிய கப்பலில் வராது என்பதும் தவறு. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் கப்பலின் அடியில் இருக்கின்றன; முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து கேபின் நல்லது. 2 வயதிலிருந்து 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். மாத்திரையை மயக்கம் தொடங்கும் முன்பே போட வேண்டும், அதையும் உங்கள் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைப் பெரியவர்களிடமிருந்து கடன் வாங்கிக் குழந்தைக்கு ஒட்டாதீர்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். ஒரே நாளில் தடுமாறிப் பேச ஆரம்பித்த தாத்தாவைப் பக்கவாதம் என்று பயந்து அழைத்து வருவார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது காதின் பின்புறம்.

பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பயணிகளுக்கு அந்தப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் விதி மாறியது, 2015இலிருந்து கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். ஆபத்து அறிவிப்பாக ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே போக வேண்டும் என்று உங்கள் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஏற்ற உயிர்காப்பு அங்கி கேபினில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகள் கப்பலுக்குள் பத்திரம், எங்கே போய்விடுவார்கள் என்று விட்டுவிடுகிறீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்பலின் கதவுகள் கனமானவை. பால்கனிக் கதவும் கேபின் கதவும் ஒன்றாகத் திறந்திருந்தால் காற்று இழுத்து அறைந்துவிடும். நசுங்கிய சின்ன விரல்களுக்குத் தையல் போடுவது எங்களுக்கு வழக்கமான வேலை. ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறங்கள். மேல் படுக்கையில் சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள். பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியை விடாதீர்கள். டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்குவதற்குப் பல கப்பல்களில் அனுமதி இல்லை, நீச்சல் டயப்பர் போட்டாலும் இல்லை.

நீச்சல் குளம்தான் எனக்கு மிகவும் பயம். பல கப்பல்களில் குளத்தருகே உயிர்காப்பாளர் கிடையாது. "உங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று ஒரு பலகை மட்டும் இருக்கும். கப்பல் ஆடினால் குளத்துத் தண்ணீரும் ஆடும். ஒரு நிமிடம் முன்பு நின்ற இடத்தில் குழந்தைக்குக் கால் எட்டாமல் போகலாம். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். சுற்றிலும் நூறு பேர் சாய்வு நாற்காலியில் இருந்தும் ஒருவரும் கவனிக்காமல் போவது அதனால்தான். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். தயவுசெய்து பெரியவர்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த அரை மணி நேரம் அப்பா, அடுத்த அரை மணி நேரம் சித்தி. முறை மாறும்போது வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். நீச்சல் தெரியாத பிள்ளை என்றால் முறையில் இருப்பவரும் கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அதுவரை போன் வேறொருவர் கையில் இருக்கட்டும்.