வினைச்சொல்லை மாற்றினால் மட்டம் ஏறாது

திருகோணமலையில் மூதூரிலிருந்து வந்தாலும் உப்புவெளியிலிருந்து வந்தாலும் ஆசிரியர்களின் பாடக்குறிப்பில் கற்றல் நோக்கமாக அதே மூன்று வரிதான்: வயிற்றோட்டம் பற்றி அறிவார், சுத்தத்தின் அவசியத்தை உணர்வார், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைக்கும் திறன் பெறுவார். மதிப்பீடு? ஐந்து குறுவினா. அறிவு, மனப்பாங்கு, திறன் மூன்றுக்கும் அதே ஐந்து!

ஞாபகப்படுத்தலில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் புளூமின் ஆறு அறிவு மட்டங்கள் (1956, திருத்தம் 2001) ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலேயே படித்தவை. எரிச்சல் வேறு இடத்தில். ‘பகுப்பாய்க’ என்று கேட்டால் பகுப்பாய்வு மட்டமாம். இந்த மட்டத்துக்கு இந்த வினைச்சொல் என்று யார் பரப்பிய பட்டியலோ, இன்னும் சுற்றுகிறது. கொப்பியில் நீங்கள் எழுதிக்கொடுத்த காரணங்களையே ‘பகுப்பாய்க’ என்றால் பிள்ளை செய்வது ஞாபகப்படுத்தல் மட்டுமே. மாறாக, வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடித்த வீட்டில் மூவருக்கு வயிற்றோட்டம் என்று வகுப்பில் பேசாத ஒரு நிலைமையைக் கொடுத்து, ‘முதலில் நிறுத்த வேண்டியதைப் பெயரிடுக’ என்று கேளுங்கள். சொல் எளிது, வேலை பிரயோகம்: கற்றதைப் புதிய நிலைமையில் பயன்படுத்துவது. வினாவை மட்டும் பார்த்து மட்டம் குறிக்காதீர்கள். என்ன கற்பித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திறனைப் பேனாவால் அளக்க முடியாது. மேசையில் ஒரு ஜீவனி பக்கற், லீற்றர் போத்தல், கொதித்தாறிய நீர். பார்க்க வேண்டியவை: சவர்க்காரத்தால் கை கழுவினாரா, 1 லீற்றரை அளந்தாரா, பக்கற் முழுவதையும் கொட்டினாரா, கரையும்வரை கலக்கினாரா, நேரத்தைக் குறித்தாரா (24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும்). பிழைப்பது பெரும்பாலும் அளவில்தான்: ஒரு கிளாஸ் தண்ணீர், கைமதிப்பில் பாதிப் பக்கற். கரைசல் தடித்தால் உடலில் உப்பு ஏறும், ஐதானால் பயன் குறையும். செய்திறனுக்கான டேவின் வகைப்பாட்டில் (1970) பார்த்துச் செய்வது முதல் மட்டம், அறிவுறுத்தலின்படி செய்வது இரண்டாவது, உதவியின்றிப் பிழையில்லாமல் செய்வது மூன்றாவது. ஒரே பாடவேளையில் இரண்டாவதற்கு மேல் எழுதாதீர்கள்.

மனப்பாங்குக்கு கிராத்வோல் குழுவின் ஐந்து மட்டங்கள் (1964) உள்ளன. சொன்னதும் கை கழுவினால் துலங்கல், இரண்டாம் மட்டம். யாரும் பார்க்காதபோதும் தானாகக் கழுவினால் மதித்தல், மூன்றாம் மட்டம். இடைவேளையில் குழாயடியில் தள்ளி நின்று சில கிழமைகள் கவனித்தால்தான் இது தெரியும். ‘கை கழுவுவது நல்லதா?’ என்று தாளில் கேட்டால் எந்தப் பிள்ளை இல்லை என்று எழுதும்? குழாயில் தண்ணீரும் பக்கத்தில் சவர்க்காரமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் மனப்பாங்கைக் குறை சொல்ல வேண்டாம், அதிபரிடம் போங்கள்.

தயவுசெய்து மனப்பாங்குக்குப் புள்ளி போடாதீர்கள். தவணைக்கு ஒரு மனப்பாங்கை எடுத்துக் கவனித்தால் போதும், மற்றப் பாடக்குறிப்புகளில் மனப்பாங்கு வரியை வெட்டிவிடுங்கள்.