பொட்டல் காட்டுக்கு போறதுக்கு முன்ன உங்க சாக்ஸ பாருங்க

அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துக்கு வர்ற நம்மாளுங்க தலைநகர் பாய்ஸிய தாண்டி தெக்க ஒரு மணி நேரம் கார் ஓட்டினதுமே கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "என்னங்க இது, சும்மா பொட்டக்காடா கெடக்கு?" இந்த பொட்டக்காட்டுலதான் 11 வருஷமா எனக்கு சம்பளம், தீ புடிச்சு கருகிப்போன நிலத்துல மறுபடி செடி கொண்டுவர்ற வேலை.

அங்க எங்க பாத்தாலும் நிக்கற சாம்பல் கலர் புதருக்கு பேரு சேஜ்பிரஷ். ஒரே ஒரு இலைய கிள்ளி பாருங்க, நுனியில மூணு பல்லு இருக்கும், கசக்கி மோந்தா நம்ம மரிக்கொழுந்துக்கு சொந்தம்னு மூக்கே சொல்லிடும், நெசமாவே ரெண்டும் ஆர்ட்டிமீசியாங்கற ஒரே பேரினம்தான், என்ன, இது கொஞ்சம் முரட்டு வாசனை, கூட கற்பூரத்த வச்சு அரைச்ச மாதிரி. மழை பேஞ்ச அன்னிக்கு கார் கண்ணாடிய எறக்குனா போதும்.

ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் வரைக்கும் பூ சீசன். பால்சம்ரூட்னு ஒண்ணு, சூரியகாந்திக்கு தங்கச்சி மாதிரி மஞ்சளா சரிவு பூரா நிக்கும், வெதையில இருந்து மொத பூ விடவே பல வருஷம் ஆகும், அதுக்குள்ள வேரு ரொம்ப ஆழமா எறங்கிடும், அதனால தோண்டி கொண்டுபோய் வீட்டு தோட்டத்துல வச்சிரலாம்னு மம்பட்டியோட வர்றவங்களுக்கு மிஞ்சறது அறுந்த வேருதான். பக்கத்துலயே ஊதா லூப்பின், தரையோட ஒட்டி ஃப்ளாக்ஸ். செவப்பா ஒண்ணு தெரியும், பெயின்ட்பிரஷ், அது பாதி புல்லுருவி, மேல அழகா நின்னுக்கிட்டு மண்ணுக்கு கீழ பக்கத்து செடி வேருல உறிஞ்சிக்கிட்டு இருக்கும், பல நேரம் அந்த ஏமாளி சேஜ்பிரஷ்தான்.

சேஜ் க்ரௌஸ்னு ஒரு கோழி இருக்கு, குளிர்காலம் பூரா இந்த இலைதான் அதுக்கு சோறு, கெட்டி வெதைய அரைக்கிற பலம் அதோட வயித்துக்கு கெடையாது. அரை கிலோ தேறுனாலே பெருசுங்கற பிக்மி முயலுக்கும் பனிக்காலத்துல கிட்டத்தட்ட இதே மெனுதான். மார்ச்ல இருந்து மே வரைக்கும் விடியறதுக்கு முன்ன சேவலுங்க ஒரே எடத்துல கூடி நெஞ்சுல இருக்கற மஞ்சப்பைய ஊதி ஊதி ஆடும், பாக்க போனா இருட்டுலயே போயிடுங்க, அதுங்க கெளம்பற வரைக்கும் கார விட்டு எறங்காதீங்க, ஒருத்தர் போட்டோவுக்காக கதவ தெறந்ததுல மொத்த கூட்டமும் பறந்துபோனத நானே பாத்திருக்கேன்.

இப்ப மெயின் மேட்டர். சீட்கிராஸ்னு ஒரு புல்லு, 19ஆம் நூற்றாண்டுல யூரேசியாவுல இருந்து இங்க வந்து சேந்தது. பனிக்காலத்துக்கு முன்ன எலையுதிர் காலத்துல, மத்ததெல்லாம் தூங்கப்போற நேரத்துல இது மொளச்சு, வசந்தத்துல ஈரத்த முந்தி குடிச்சிட்டு, கோடை சூடு புடிக்கறதுக்குள்ள காஞ்சு வைக்கோலா நிக்கும், ஒரு பொறி போதும். எரிஞ்ச சேஜ்பிரஷ் அடியில இருந்து துளிர்க்காது, வெதையும் தாய்ச்செடிய விட்டு சில மீட்டருக்கு மேல பெருசா போகாது, ஆனா புல்லு மட்டும் அடுத்த வருஷமே வந்துடும், மறுபடி எரியும். 2015 ஆகஸ்ட்ல சோடா ஃபயர்னு ஒரு தீ, ஐடஹோ-ஓரிகன் எல்லையில சுமார் 2,80,000 ஏக்கர். மின்னல்தான் பத்த வச்சது, ஆனா இடைவெளி விடாம காஞ்ச புல்லு நெறஞ்சிருந்தா தீக்கு பாய் விரிச்ச மாதிரிதான்.

இதுல நம்ம பங்கு என்னன்னா, அந்த புல்லு வெதைக்கு ஊசி மாதிரி வாலு, சாக்ஸ்ல குத்திக்கும். வேலைக்கு சேந்த மொத வருஷம் நாத்து நட்டு முடிச்சிட்டு டிரக் பின்னாடி ஒக்காந்து சாக்ஸ்ல இருந்தத ஒவ்வொண்ணா புடுங்கி அங்கயே வீசினேன், அடுத்த வசந்தத்துல போய் பாத்தா டிரக் நிறுத்துன எடத்துல மட்டும் பாய் அளவுக்கு பச்சையா ஒரு திட்டு. சீட்கிராஸ். நட்டதும் நானே, கெடுத்ததும் நானே.

அதனால நடக்கறதுக்குன்னு இருக்கற பாதைய விட்டு எறங்காதீங்க, செடிக்கு நடுவுல கருப்பா பொருக்கு தட்டி தெரியுதே, அது பாசியும், பாறையில செதிலா ஒட்டியிருக்குமே அந்த லைக்கனும் சேந்து மண்ண கட்டிப்புடிச்சிருக்கறது, டயர் ஏறி ஒடஞ்சா சரியாக பல பத்து வருஷம். கோடையில காஞ்ச புல்லு மேல கார நிறுத்தாதீங்க, சைலன்ஸர் சூடே போதும் பத்திக்க. நாய கூட்டிட்டு போனா திரும்பற முன்ன விரலிடுக்கையும் காதையும் பாருங்க, இந்த ஊசி உள்ள போனா வெட் டாக்டர்கிட்டதான் ஓடணும். சாக்ஸ்ல ஒட்டுனத அங்க ஒதறாதீங்க, ஒரு கவர்ல போட்டு வீட்டு குப்பைக்கு கொண்டுபோங்க. என் டிரக் டேஷ்போர்டுல இப்ப எப்பவும் ஒரு கட்டு ஜிப்லாக் கவர் கெடக்கும், என்கூட வர்றவங்க மொதல்ல சாப்பாட்டுக்குனு நெனச்சுக்குவாங்க.