ஃபெர்பர் முறைக்கு 'அழவிடுதல்' தமிழாகுமா?

சிங்கப்பூரில் இளம் பெற்றோருக்கென்று வரும் தமிழ்க் கையேடுகளிலும் சமூக மன்றப் பேச்சுகளிலும் 'அழவிட்டு உறங்கவைத்தல்' என்ற தொடர் அடிக்கடி தட்டுப்படுகிறது. கைக்குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்கும் ஃபெர்பர் முறைக்குத் தமிழாம். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ரிச்சர்ட் ஃபெர்பர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தூக்கக் கோளாறுகளைக் கவனித்த குழந்தை மருத்துவர். 1985இல் வந்த அவருடைய நூலைப் படித்த அமெரிக்கப் பெற்றோர், அவர் குடும்பப் பெயரையே வினையாக்கி 'ஃபெர்பரைஸ்' என்றார்கள். (ஜெர்மன் வேரில் அந்தப் பெயர் சாயம் தோய்ப்பவரைக் குறிக்கும். தூக்கத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

சரி, முறைதான் என்ன? விழித்திருக்கும்போதே பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வரவேண்டும். அழுதால் 3 நிமிடம் பொறுத்து உள்ளே போய், தூக்காமல், ஓரிரு வார்த்தை பேசித் தேற்றிவிட்டு வரவேண்டும். அடுத்தது 5 நிமிடம், அப்புறம் 10. 2006 திருத்தப் பதிப்பில் முதல் இரவுக்கான கணக்கு இது. மறுநாள் 5, 10, 12. பெற்றோர் போய்ப்போய்ப் பார்ப்பதுதான் இதன் உயிர். 'அழவிட்டு' என்ற சொல் அதைத்தான் முழுங்கிவிடுகிறது.

அழுது ஓயட்டும் என்று கதவைச் சாத்துவது வேறு கட்சி. அந்த யோசனை நியூயார்க் குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட்டின் பெயரோடு சேர்ந்தது. அவர் நூல் முதலில் வந்தது 1894இல். ஹோல்ட்டின் சரக்கை ஃபெர்பர் தலையில் கட்டுகிறோம். விளைவு, தூளியில் ஆட்டிப் பிள்ளை வளர்த்த பாட்டி "பச்சப்புள்ளய அழ விடுறதா?" என்று எகிறுகிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்களே என்று அப்பா நெளிகிறார். முறை என்னவென்று யாருமே கேட்பதில்லை.

'தூக்கப் பயிற்சி' என்பாரும் உண்டு. தூங்குவதற்குப் பயிற்சியா, தூங்கிக்கொண்டே பயிற்சியா? போகட்டும், அது இந்த வகை முறைகள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ஆய்தத்தை வெட்டிப் 'பெர்பர் முறை' என்கிறார்கள். பெர்பர் என்போர் வட ஆப்பிரிக்க மக்கள்!

என் வாக்கு 'விட்டுவிட்டுத் தேற்றுதல்' என்பதற்கு. விட்டுவிட்டு மழை பெய்கிறது என்று சொல்லாத தமிழர் யார்? இடைவெளியும் வந்துவிடுகிறது, ஆறுதலும் வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் 'க்ரை இட் அவுட்' என்ற ஆங்கிலப் பட்டப்பெயரைப் பெயர்க்கிறார்களே தவிர, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. அடுத்த கையேட்டில் அந்த 3, 5, 10ஐயும் சேர்த்து அச்சிட்டால் பாட்டியின் பாதிக் கோபமாவது தணியும்.