ஜெரிமாண்டர்: தொகுதித் திரிப்பு

தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை ஒரு கட்சிக்கோ ஒரு பிரிவினருக்கோ ஆதாயம் கிடைக்கும்படி வேண்டுமென்றே வளைத்து வரைவதை அமெரிக்காவில் 'ஜெரிமாண்டர்' என்கிறார்கள். அச்சொல் அங்கே பெயராகவும் வழங்குகிறது, வினையாகவும் வழங்குகிறது. அப்படி வரையும் செயல் 'ஜெரிமாண்டரிங்' எனப்படுகிறது. 1812-ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாளின் கேலிச் சித்திரத்தோடு வெளிவந்த இந்தச் சொல்லுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. அது சுட்டும் தீமையோ அதைவிட மூத்தது, இன்னும் தீராதது. அமெரிக்க அரசியலைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இச்சொல்லை ஒலிபெயர்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள், அல்லது 'தொகுதி மறுவரையறை' என்றும் 'தொகுதிச் சீரமைப்பு' என்றும் எழுதுகிறார்கள். பின்னிரண்டும் பிழையானவை என்பதே என் கருத்து. அதற்கான காரணம் சொல்லின் வரலாற்றிலேயே இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநராக 1810 முதல் 1812 வரை இருந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. 1776-இன் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1787-இல் அரசமைப்புச் சட்டத்தை வகுத்த மாநாட்டில் கலந்துகொண்ட அவர், குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிட்டுக் காக்கும் பகுதி அதில் இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லிக் கையெழுத்திட மறுத்தார். அத்தகைய மனிதரிடம் 1812 பிப்ரவரியில் அவருடைய கட்சியான ஜனநாயகக் குடியரசுக் கட்சி ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. மாநில மேலவைக்கான தொகுதிகளைத் தங்களுக்குச் சாதகமாக மாற்றி வரையும் முன்வரைவு அது. அவர் அதை விரும்பவில்லை என்று அவருடைய மருமகன் பின்னாளில் எழுதிவைத்தார், ஆயினும் கையெழுத்திட்டார்.

புதிய தொகுதிகளில் எசெக்ஸ் கவுண்டியைச் சேர்ந்த ஒன்று, கடலோரத்துச் செல்சியில் தொடங்கி, சேலம், லின் முதலிய ஊர்களைச் சேர்த்துக்கொண்டு, உள்நாட்டில் ஆண்டோவர் வழியாக மேலேறி, வடகோடியில் மீண்டும் கடலை நோக்கித் திரும்பி, சாலிஸ்பரியில் தலை நீட்டி நின்றது. கெர்ரி பிறந்த ஊரான மார்பிள்ஹெட்டும் இதற்குள்ளேயே இருந்தது. எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்ட் கட்சியினர் இந்த வரைபடத்தில் ஒரு விலங்கைக் கண்டார்கள். 1812 மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெசட்' இதழ், அதே வரைபடத்துக்குச் சிறகும் நகமும் கோரைப்பல்லும் சேர்த்த ஒரு படத்தை வெளியிட்டது. அதை வரைந்தவர் எல்கனா டிஸ்டேல் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஊர்ப் பெயர்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் அப்படியே எழுதப்பட்டிருக்கும். சாலிஸ்பரி இருந்த இடத்தில் வாயைப் பிளந்த தலை இருக்கும்.

அந்த விலங்கு சாலமாண்டரைப் போல இருந்தது. பல்லியின் உருவமும் தவளையின் ஈரத்தோலும் கொண்ட அந்த உயிரி தென்னிந்தியாவில் இல்லை, அதனால் நமக்கு அதற்கென்று பழகிய பெயரும் இல்லை. ஐரோப்பியப் பழங்கதைகளில் அது நெருப்புக்குள் வாழும் விந்தைப் பிராணி. கெர்ரியின் பெயரோடு சாலமாண்டரின் பின்பாதியை ஒட்டியதில் 'கெர்ரிமாண்டர்' பிறந்தது. ஆளுநர் தம் பெயரைக் ககர ஒலியோடுதான் உச்சரித்தார். சொல் பரவியபோது, அவரை நேரில் அறியாத வாசகர்கள் எழுத்தைப் பார்த்து 'ஜெ' என்று படித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. எனவே தமிழில் மனிதரைக் 'கெர்ரி' என்றும் சொல்லை 'ஜெரிமாண்டர்' என்றும் எழுதுவதே சரியாகும்.

வரைபடம் தன் வேலையைச் செய்தது. அந்த ஆண்டின் தேர்தலில் கெர்ரி ஆளுநர் பதவியை இழந்தார். ஆனால் மாநில மேலவையில் அவருடைய கட்சி, சுமார் 50,200 வாக்குகள் பெற்று 40 இடங்களில் 29-ஐக் கைப்பற்றியது. சுமார் 51,800 வாக்குகள் பெற்ற ஃபெடரலிஸ்டுகளுக்கு 11 இடங்களே கிடைத்தன. கெர்ரி அடுத்த ஆண்டு ஜேம்ஸ் மேடிசனின் கீழ்த் துணைக் குடியரசுத் தலைவரானார். 1814-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். உரிமைப் பட்டியலுக்காகக் குரல் கொடுத்த அந்த மனிதரின் பெயர் இன்று நினைக்கப்படுவது, அவர் தயக்கத்தோடு இட்ட ஒரு கையெழுத்துக்காகத்தான். எனக்கு இது எப்போதும் வருத்தம் தருகிறது. ஆனால் ஒரு தீமைக்குச் சட்ட வடிவம் கொடுத்த கையெழுத்து என்பதால் பழி பொருந்தவில்லை என்று சொல்ல முடியவில்லை.

குறைந்த வாக்கில் கூடுதல் இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதை ஒரு சிற்றூரை வைத்து விளக்கலாம். ஒன்பது தெருக்கள், மூன்று தெருவுக்கு ஓர் உறுப்பினர், ஆக மூன்று இடங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரே எண்ணிக்கையில் மக்கள் இருக்கிறார்கள். ஐந்து தெருக்கள் முழுவதும் ஒரு கட்சிக்கும், நான்கு தெருக்கள் முழுவதும் மறு கட்சிக்கும் வாக்களிப்பவை என்று வைத்துக்கொள்வோம். கோடு போடும் உரிமை நான்கு தெருக் கட்சியிடம் இருந்தால், அது எதிராளியின் மூன்று தெருக்களை ஒரே தொகுதிக்குள் அடைத்துவிடும். அங்கே எதிராளி மிகப் பெரிய வித்தியாசத்தில் வெல்வார். வெல்லட்டும், அந்த வாக்குகள் தேவைக்கு மேல் குவிந்து பயனற்றுப்போகும். எஞ்சிய இரண்டு தெருக்களைப் பிரித்து, ஆளுக்கொன்றாக மற்ற இரு தொகுதிகளில் சேர்த்துவிட்டால், அங்கே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நான்கு தெருக் கட்சி வென்றுவிடும். முடிவில் ஐந்து தெருவுக்கு ஓர் இடம், நான்கு தெருவுக்கு இரண்டு இடம். ஒரு வாக்குச்சீட்டுகூடத் திருடப்படவில்லை, ஒரு வாக்காளர்கூடத் தடுக்கப்படவில்லை, எண்ணிக்கையில் மோசடி இல்லை. ஆனாலும் தேர்தலின் முடிவு வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் இது ஒரு நூற்றாண்டு நோயாக மட்டும் நில்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்குக் காரணம், கோடு போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே. பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தவுடன் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையின் 435 இடங்கள் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. பிறகு பெரும்பாலான மாநிலங்களில், மாநிலச் சட்டமன்றமே தன் மாநிலத்துக்குரிய தொகுதிகளையும் தன் உறுப்பினர்கள் போட்டியிடும் தொகுதிகளையும் சட்டமாக இயற்றி வரைகிறது. ஆட்டக்காரரே ஆடுகளத்துக்கும் கோடு போடுகிறார்.

இந்த ஏற்பாடு கட்சிச் சண்டையோடு நின்றிருந்தால் இதை ஒரு பழைய அரசியல் தந்திரம் என்று எழுதி முடித்திருக்கலாம். அது நிறவெறியின் கருவியாகவும் ஆயிற்று. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரில் புகழ்பெற்ற கறுப்பினக் கல்வி நிறுவனம் ஒன்று இருந்தது. படித்த கறுப்பின மக்கள், எத்தனையோ தடைகளைத் தாண்டி, வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தார்கள். அந்நகரின் எல்லை அதுவரை ஒரு சதுரமாக இருந்தது. 1957-இல் மாநிலச் சட்டமன்றம் அந்தச் சதுரத்தை 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவமாக மாற்றிச் சட்டம் இயற்றியது. கோடு வீடுகளைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. அது போய் முடிந்தபோது, நகருக்குள் இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர அனைவரும் நகருக்கு வெளியே இருந்தார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே விழவில்லை. ஒருவரும் வீட்டைவிட்டு அசையவில்லை. அவர்கள் வாழ்ந்த தெருதான் ஓர் இரவில் அவர்களுடைய ஊராக இல்லாமற் போயிற்று.

அங்கே பேராசிரியராக இருந்த சார்லஸ் கோமிலியன் வழக்குத் தொடுத்தார். 1960-இல் உச்ச நீதிமன்றம், இனத்தின் பெயரால் வாக்குரிமையைப் பறிக்கக் கூடாது என்னும் பதினைந்தாம் திருத்தத்துக்கு இது முரணாகும் என்று ஒருமனதாகக் கூறியது. இந்த விவகாரத்தில் எல்லைக் கோடு என்பதைத் தவிர வேறு ஆயுதமே இல்லை. ஒரு கோட்டுக்கு அவ்வளவு வலிமை உண்டு என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

1962 முதல் 1964 வரை வந்த தீர்ப்புகள், தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்ற விதியை நிலைநாட்டின. 1901-க்குப் பிறகு தொகுதிகளை மாற்றி வரையாமலே அறுபது ஆண்டுகள் விட்டுவைத்திருந்த டென்னசி மாநிலத்தின் வழக்கு இவற்றில் முதலாவது. ஆனால் மேலே சொன்ன ஒன்பது தெருக் கணக்கில் மூன்று தொகுதிகளும் மக்கள்தொகையில் சமமாகவே இருந்தன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சம அளவு என்பது நியாயத்துக்கு அவசியம். அது மட்டும் போதாது. வட கரோலினாவில் 2016-இல் குடியரசுக் கட்சி 53 விழுக்காடு வாக்குகளோடு 13 இடங்களில் 10-ஐ வென்றது. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி 65 விழுக்காட்டைத் தாண்டாமலே தொடர்ந்து 8 இடங்களில் 7-ஐ வென்றுவந்தது. இரு வரைபடங்களும் ஒன்றாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2019 ஜூனில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது ஜனநாயகத்தோடு பொருந்தாது என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதைத் தீர்க்கும் பொறுப்பு கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இல்லை என்று கைவிரித்தது. அரிசோனா, கலிஃபோர்னியா, மிச்சிகன் முதலிய மாநிலங்களில் வாக்காளர்களே பொதுவாக்கெடுப்பின் வழியாகத் தனி ஆணையங்களை அமைத்துக்கொண்டார்கள். எனினும் 2025-இல், கணக்கெடுப்புக்குக் காத்திராமல், டெக்சஸ் தன் வரைபடத்தைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக இடையிலேயே மாற்றியது. பதிலடியாகக் கலிஃபோர்னிய வாக்காளர்கள் தங்கள் ஆணையத்தின் வரைபடத்தை ஒதுக்கிவைத்து, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தார்கள்.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். ஜெரிமாண்டர் என்ற சொல்லே ஒரு வகையில் வாசகரை வழிதவறச் செய்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது விலங்கின் உருவத்திலிருந்து பிறந்ததால், கோணல்மாணலான தொகுதிதான் குற்றம், நேரான தொகுதி நியாயமானது என்ற எண்ணத்தை விதைக்கிறது. ஆற்றின் போக்கை ஒட்டியோ மலையடிவாரத்தை ஒட்டியோ வளைந்து போகும் தொகுதி முற்றிலும் நேர்மையானதாக இருக்கலாம். தெருத் தெருவாக வாக்களிப்பு விவரத்தை வைத்துக்கொண்டு கணினியில் ஆயிரக்கணக்கான வரைபடங்களைச் சோதித்துப் பார்க்கும் இக்காலத்தில், பார்வைக்கு ஒழுங்கான கட்டங்களைக் கொண்டே மிக மோசமான அநீதியைச் செய்ய முடியும். ஆகவே தமிழில் சாலமாண்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. உருவத்தைச் சுட்டும் சொல்லைவிட நோக்கத்தைச் சுட்டும் சொல்லே நமக்கு வேண்டும்.

'மறுவரையறை' நோக்கத்தைச் சுட்டாது. வரை என்னும் சொல் கோடு கிழித்தலையும் எல்லையையும் ஒருசேரக் குறிப்பதால் அது நல்ல சொல்தான். ஆனால் அது நடுநிலையான நிர்வாகச் செயலின் பெயர். கணக்கெடுப்புக்குப் பின் நேர்மையாகச் செய்தாலும் மறுவரையறைதான். 'சீரமைப்பு' இன்னும் தவறு. சீர்குலைத்தவருக்கே நற்சான்று கொடுப்பதாகும்.

நான் பரிந்துரைப்பது 'தொகுதித் திரிப்பு'. திரிதல், திரித்தல் என்ற இரண்டையும் தமிழ் வேறுபடுத்தி வைத்திருக்கிறது. பால் தானாகத் திரியும், சொல் காலப்போக்கில் திரியும், அது திரிபு. ஒருவர் செய்தால் அது திரிப்பு. குறைவுக்கும் குறைப்புக்கும், அழிவுக்கும் அழிப்புக்கும் உள்ள வேறுபாடே இதற்கும் உண்டு: ஒற்றெழுத்தோடு கூடிய அந்தப் பகரம் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறது. மக்கள் இடம்பெயர்வதால் ஒரு தொகுதி ஏறுமாறாகிவிட்டால் அதைத் திரிபு என்று வேண்டுமானால் சொல்லலாம். டஸ்கீகியில் நடந்தது திரிப்பு. 'வரலாற்றுத் திரிப்பு' என்ற தொடர் நமக்கு நன்கு பழகியதாதலால், இதைக் கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கும். கயிறு திரித்தல் என்ற வழக்கும் துணைக்கு வருகிறது. கயிறு நீளமாகவும் ஒடுக்கமாகவும் முறுக்கிக் கிடப்பது, கயிறு திரிப்பது என்றால் இல்லாததைக் கட்டிச் சொல்வது. தொகுதி என்பதோ தொகு என்ற வேரிலிருந்து வந்து, மக்கள் ஒன்றுசேர்ந்திருப்பதைக் குறிக்கும் சொல். அந்தச் சேர்க்கையைப் போலியாகக் கட்டுவதுதான் இங்கே நடக்கிறது.

எதிராளியின் வாக்குகளை ஒரே தொகுதிக்குள் குவிப்பதை 'அடைப்பு' என்றும், பல தொகுதிகளில் சிதறவிடுவதைப் 'பிளப்பு' என்றும் சொல்லலாம். மாநிலங்களுக்கு எத்தனை இடங்கள் என்று முடிவுசெய்வது 'இடப்பங்கீடு'. இது முற்றிலும் வேறு செயல். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் எத்தனை இடங்கள் என்ற விவாதம் பங்கீடு பற்றியது. அதை ஜெரிமாண்டர் என்று எழுதுவது இரு கேள்விகளையும் குழப்பிவிடும். மேலும் இந்தியாவில் தொகுதிகளை வரைவது சட்டமன்றங்கள் அன்று, அதற்கென அமைக்கப்படும் மறுவரையறை ஆணையம். அந்த ஆணையம் வரையும் கோடுகளிலும் திரிப்பு இருக்கிறதா என்று கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. பங்கீட்டைப் பற்றிய கேள்வியை அதற்குரிய பெயராலும், கோட்டைப் பற்றிய கேள்வியை அதற்குரிய பெயராலும் கேட்டால்தான் இரண்டுக்கும் தெளிவான பதிலைக் கோர முடியும்.

வினையாக ஆளும்போது 'தொகுதிகளைத் திரித்தார்கள்' என்றும், பெயரடையாக வேண்டும்போது 'திரித்த தொகுதி', 'திரித்த வரைபடம்' என்றும் எழுதலாம். வரலாற்றைச் சொல்லும் இடத்தில் மட்டும், கெர்ரியின் நினைவுக்காக, ஜெரிமாண்டர் என்ற பெயரை ஒரு முறை குறிப்பிட்டுவிட்டு, அதன் பிறகு தமிழ்ச்சொல்லிலேயே தொடரலாம்.